வீட்டில் ஆயில் மாற்றிய பிறகு வரும் தொந்தரவுகள்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

காரின் எஞ்சின் ஆயிலை நாமே மாற்றும்போது கை வைக்கும் இடங்கள் மூன்றுதான்: அடியில் டிரெயின் போல்ட், பக்கத்தில் ஆயில் ஃபில்டர், மேலே ஆயில் ஊற்றும் மூடி. இவற்றோடு அளவு பார்க்க டிப்ஸ்டிக்கை உருவுகிறோம். நேற்றுவரை ஒழுங்காக ஓடிய வண்டி இன்று சொட்டுகிறது, விளக்குக் காட்டுகிறது, புகைகிறது என்றால் கோளாறு பெரும்பாலும் இந்த இடங்களில் ஒன்றில்தான் இருக்கும். எஞ்சினுக்குள் ஏதோ போய்விட்டது என்று பதறுவதற்கு முன்னால், திறந்து மூடிய இடங்களை டார்ச் அடித்து வரிசையாகப் பாருங்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சந்தேகம் தட்டியதும் எஞ்சினை அணைத்துவிடுங்கள். "கொஞ்ச நேரம் ஓடட்டும், சரியாகிவிடும்" என்று விட்டுப் பார்த்தால், ஒரு வாஷரோடு முடிய வேண்டிய வேலை எஞ்சினைப் பிரிக்கும் வேலையாகிவிடும். ஆயில் அழுத்தம் இல்லாமல் ஓடும் எஞ்சினில் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) பேரிங்குகள்தான் முதலில் அடிவாங்கும். அதற்கு நிமிடக்கணக்கு போதும்.

ஸ்விஃப்ட், ஐ20, டியாகோ மாதிரியான சிறிய பெட்ரோல் கார்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். டீசல் வேறுபடும் இடங்களில் தனியாகச் சொல்கிறேன். எந்தக் காராக இருந்தாலும் ஆயில் கிரேடும் அளவும் வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும், அதுதான் இறுதி. வாரண்டி முடியாத வண்டியில் இந்த வேலையைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் கருத்து. பின்னால் எஞ்சின் பிரச்சினை வந்தால் சர்வீஸ் பதிவு எங்கே என்றுதான் முதலில் கேட்பார்கள்.

அடியில் நுழைவதற்கு முன்

ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் ஒருபோதும் போகாதீர்கள். டிக்கியில் இருக்கும் ஜாக்கி டயர் மாற்றத் தூக்குவதற்கு மட்டுமே. சமதளமான கெட்டித் தரை, ஹேண்ட் பிரேக், பின்சக்கரங்களுக்குக் கட்டை, இரண்டு ஜாக்கி ஸ்டாண்டு, இத்தனையும் இருந்தால்தான் வேலை. ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி அதன்மேல் காரை நிறுத்துவதைப் பல இடங்களில் பார்க்கலாம். அந்தக் கல் விரிசல் விட்டுக் காட்டாது, ஒரே நொடியில் நொறுங்கும். ஸ்டாண்டு இல்லையென்றால் சரிவு மேடை வாங்குங்கள், அல்லது குழி இருக்கும் இடத்துக்கு வண்டியைக் கொண்டுபோங்கள்.

எஞ்சினை 3 முதல் 5 நிமிடம் ஓட்டி அணைத்து, சிறிது நேரம் விட்டு வேலையைத் தொடங்குங்கள். ஆயில் வெதுவெதுப்பாக இருந்தால் நன்றாக வடியும். நெடுந்தூரம் ஓட்டிவிட்டு வந்த கையோடு போல்ட்டைக் கழற்றினால் 90 டிகிரிக்கு மேல் சூடான ஆயில் முழங்கை வழியாக இறங்கும். நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பழைய ஆயிலில் இருக்கும் சில வேதிப்பொருட்கள் தோலில் தொடர்ந்து பட்டால் புற்றுநோய் வரவழைக்கக்கூடியவை.

டிரெயின் போல்ட் அசையவே மாட்டேன் என்கிறது

முதலில் திசையைச் சரிபாருங்கள். போல்ட்டின் தலையை நேருக்கு நேர் பார்த்தபடி இடப்பக்கம் திருப்பினால் கழலும். மல்லாந்து படுத்திருக்கும்போது இது எளிதில் குழம்பும். கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே போவார்கள்.

திசை சரிதான், ஆனாலும் வரவில்லை என்றால் ஸ்பேனரைப் பாருங்கள். இரண்டு பக்கம் மட்டும் பிடிக்கும் ஓப்பன் ஸ்பேனர் இந்த இடத்துக்கு ஆகாது. ஆறு மூலை சாக்கெட்டோ ரிங் ஸ்பேனரோ வேண்டும். பல கார்களில் தலை 14 அல்லது 17 மில்லிமீட்டர். அளவு சற்றே பெரிய ஸ்பேனரைப் போட்டு இழுத்தால் மூலைகள் மழுங்கி, அடுத்த முறை சரியான ஸ்பேனருக்கும் பிடி இருக்காது. நீளமான கைப்பிடி போட்டு, ஒரே நிதானமான அழுத்தமாகக் கொடுங்கள். துரு இருந்தால் துரு நீக்கும் ஸ்பிரே அடித்துக் கால்மணி நேரம் விடுங்கள். தலை ஏற்கெனவே மழுங்கியிருந்தால் வைஸ் கிரிப்பால் கவ்விக் கழற்றி, அந்த போல்ட்டைக் குப்பையில் போட்டுப் புதிது வாங்குங்கள். அங்கே நெருப்பு காட்டிச் சூடேற்ற வேண்டாம்.

வடியும் ஆயில் கறுப்பாக இல்லை

இதைக் கவனித்துவிட்டால் பெரிய செலவு தப்பும். 10,000 கிலோமீட்டர் ஓடிய எஞ்சின் ஆயில் கருமையாகவோ அடர்ந்த பழுப்பாகவோதான் இருக்கும். தட்டில் விழுவது தெளிவான மஞ்சளாக, கெட்டியாக, மூக்கில் ஏறும் கந்தக வாடையோடு இருந்தால் நீங்கள் கழற்றியது கியர்பாக்ஸின் போல்ட். சிவப்பாக இருந்தால் ஆட்டோமேட்டிக் கியர் ஆயில். முன்சக்கர இயக்கக் கார்களில் எஞ்சினும் கியர்பாக்ஸும் பக்கம் பக்கமாகத் தொங்கும். இரண்டுக்கும் அடியில் போல்ட் இருக்கும். அவசரத்தில் எவருக்கும் மாறும்.

மாறியது தெரிந்ததும் போல்ட்டைப் போட்டு மூடுங்கள். வண்டியை ஓர் அடிகூட நகர்த்தாதீர்கள். கையேட்டில் சொன்ன கியர் ஆயிலை வாங்கி அதே அளவு ஊற்றினால் மேனுவல் கியர்பாக்ஸுக்கு ஒரு சேதமும் இல்லை. ஆட்டோமேட்டிக்கில், அதிலும் பற்களுக்குப் பதில் பெல்ட்டால் இயங்கும் சிவிடி வகையில், அளவு பார்ப்பதற்கு ஆயிலின் வெப்பநிலை வரை கணக்கு உண்டு. அதை வீட்டில் முயலாமல் மெக்கானிக்கை வரவழையுங்கள்.

சிலர் இதைக் கவனிக்காமலே மேலே புது எஞ்சின் ஆயிலை ஊற்றிவிடுவார்கள். அப்போது பழைய ஆயில் அப்படியே இருக்க, புதிதும் சேர்ந்து எஞ்சினில் இரண்டு மடங்கு ஆயில். கியர்பாக்ஸில் ஒன்றுமே இல்லை. டிப்ஸ்டிக்கில் மேல்கோட்டைத் தாண்டி அரை விரல் உயரத்துக்கு மேல் ஆயில் தெரிந்தால் ஸ்டார்ட் செய்வதற்கு முன் இந்தச் சாத்தியத்தை நினைத்துப் பாருங்கள்.

ஃபில்டர் கழலவில்லை

ஸ்க்ரூடிரைவரை ஃபில்டருக்குள் குத்தித் திருப்புவது பட்டறைகளில் செய்யும் கடைசி வித்தை. வீட்டில் வேண்டாம். தகரம் கிழிந்து, ஃபில்டரின் அடித்தகடு மட்டும் எஞ்சினில் ஒட்டிக்கொண்டு நின்றால் வண்டி இருந்த இடத்திலேயே மாட்டிக்கொள்ளும். பெல்ட் வகை ஃபில்டர் ரெஞ்சோ தொப்பி போல மாட்டும் கப் ரெஞ்சோ ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கிடைக்கும். கையால் முயல்வதானால் ஃபில்டரையும் கையுறையையும் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து, சொரசொரப்பான உப்புத்தாளைச் சுற்றிப் பிடித்தாலே பாதி ஃபில்டர்கள் அசைந்துவிடும்.

எதற்கும் மசியவில்லையா? பழைய ஃபில்டரோடு விட்டுவிட்டுப் புது ஆயிலை ஊற்றி, வண்டியை ஓட்டிக்கொண்டே பட்டறைக்குப் போய்விடலாம். கிழியாத ஃபில்டர் பழையதானாலும் சிறிது தூரத்துக்கு வேலை செய்யும்.

ஸ்டார்ட் செய்ததும் ஆயில் விளக்கு அணையவில்லை

புது ஃபில்டர் காலியாக இருக்கும். அது நிரம்பும்வரை 3, 4 விநாடி விளக்கு எரிவது இயல்பு. அந்த நேரத்தில் ஆக்சிலரேட்டரைத் தொடாதீர்கள். பத்து விநாடிக்கு மேல் போனால் அணைத்துவிட்டு இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் டிப்ஸ்டிக். ஆயில் ஊற்றினோமா, போதுமான அளவு ஊற்றினோமா என்பதை அது சொல்லிவிடும். அடுத்து வண்டிக்கு அடியில். பம்ப் அனுப்பும் ஆயில் முழுக்க வெளியே போய்க்கொண்டிருந்தாலும் இதே விளக்குதான் எரியும். இரண்டும் சரியாக இருந்தால், ஃபில்டர்மேல் அச்சிட்ட எண் உங்கள் காருக்கு உரியதுதானா என்று சரிபாருங்கள்.

அதுவும் சரி என்றால் ஆயில் பம்ப்பில் காற்று அடைத்திருக்கலாம். ஆயிலை வடியவிட்டு இரவு முழுக்க அப்படியே விட்ட வண்டிகளில் இது நேரும். ஃப்யூயல் பம்ப்பின் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, எஞ்சின் பிடிக்காத நிலையில் ஸ்டார்ட்டரை ஐந்து ஐந்து விநாடியாக, இடையில் ஓய்வு கொடுத்துச் சுற்றுங்கள். விளக்கு அணைந்தால் ஃபியூஸைப் போட்டு ஸ்டார்ட் செய்யலாம். அணையவில்லை என்றால் இதற்கு மேல் வீட்டில் செய்ய ஒன்றும் இல்லை. ரெக்கவரி வண்டியை அழையுங்கள்.

இந்த விளக்கைப் பற்றிப் பலர் தவறாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். ஆயிலின் அளவைப் பார்ப்பது இதன் வேலை இல்லை. அழுத்தம் அடிமட்டத்துக்கு விழுந்த பிறகுதான் எரியும். எனவே விளக்கு அணைந்திருப்பதால் ஆயில் போதுமான அளவு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு லிட்டர் குறைவாக ஊற்றிய வண்டியிலும் நேர்ச்சாலையில் விளக்கு அணைந்தே இருக்கும். வளைவில் வேகமாகத் திரும்பும்போது ஒரு கணம் மின்னிவிட்டு அணையும். அந்த மின்னலைப் பார்த்தால் ஓரமாக நிறுத்தி டிப்ஸ்டிக்கை உருவுங்கள்.

ஸ்டார்ட் செய்த உடனே ஆயில் கொட்டுகிறது

சொட்டாக இல்லாமல் ஓடையாக வருகிறது, சில விநாடியிலேயே தரையில் குளம் கட்டுகிறது என்றால் நேராக ஃபில்டரைச் சந்தேகப்படுங்கள். அணைத்துவிட்டு, ஃபில்டரைக் கழற்றி, எஞ்சினில் அது உட்காரும் வட்டமான முகத்தை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும். சூட்டில் காய்ந்து, தட்டையாகி, எஞ்சினின் நிறத்துக்கே கறுத்துப்போயிருப்பதால் கண்ணுக்கு எளிதில் தெரியாது. கையுறை போட்ட விரலால் வட்டத்தைச் சுற்றித் தடவினால் ஓரிடத்தில் நகம் தட்டும். அந்த இடத்தில் நெம்பினால் முழு வளையமாக உரிந்து வரும்.

பழைய வளையத்தின்மேல் புது வளையம் உட்கார்ந்தால் கையால் இறுக்கும்போது நன்றாக இறுகியதாகவே தோன்றும். குளிர்ந்த எஞ்சினில் ஸ்டார்ட் செய்த நொடியில் ஆயில் அழுத்தம் நன்றாக ஏறும். அதில் இரண்டு ரப்பரும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி விலகும், ஆயில் பீய்ச்சும். பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதன் வாயில் வளையம் இருக்கிறதா என்று பார்க்கும் ஒரே பழக்கம் இதைத் தடுத்துவிடும். ஃபில்டரைக் கையில் வைத்துக்கொண்டு, வளையத்தைக் கண்ணால் பார்த்த பிறகு கீழே போடுங்கள்.

வளையம் ஒன்றுதான், இருந்தும் கொட்டுகிறது என்றால் ஃபில்டரின் மரை. ஹோண்டா, ஹூண்டாய், மாருதி கார்களில் பரவலாக இருப்பது 20 மில்லிமீட்டர் மரை. டொயோட்டாவின் பல பெட்ரோல் எஞ்சின்களில் முக்கால் அங்குல மரை, அதாவது 19.05 மில்லிமீட்டர். பெரிய வாய் ஃபில்டரைச் சின்ன மரையில் மாட்டினால் சுற்றும், உட்காரும், ஆனால் மரைகள் நுனியில் மட்டுமே கவ்வியிருக்கும். அழுத்தம் ஏறும்போதோ சாலையில் ஓடும்போதோ ஃபில்டர் பிடுங்கிக்கொண்டு போய்விடும். பார்வைக்கு ஒரே உயரம், ஒரே பருமன் என்பதற்காக "இதுவும் சேரும்" என்று கடையில் கொடுப்பதை வாங்காதீர்கள். காரின் பெயர், வருடம், எஞ்சின் மூன்றையும் சொல்லி எண் பார்த்து வாங்குங்கள்.

சரியான ஃபில்டரை மாட்டும் முறை: புது வளையத்தில் விரலால் புது ஆயில் தடவுங்கள், உலர்ந்த ரப்பர் சுற்றும்போது முறுக்கிக்கொள்ளும். வளையம் எஞ்சினைத் தொடும்வரை கையால் சுற்றி, அங்கிருந்து முக்கால் சுற்று இறுக்குங்கள். ரெஞ்ச் போட்டு மூச்சைப் பிடித்து இறுக்கியவர்தான் அடுத்த வருடம் ஃபில்டர் கழலவில்லை என்று நிற்பார்.

பழைய ஸ்விஃப்ட், டிசையர் டீசல்களில் வந்த 1.3 லிட்டர் எஞ்சினில் தகர ஃபில்டர் கிடையாது. மூடிக்குள் காகித எலிமெண்ட் மட்டும் மாற்ற வேண்டும். அங்கே கசிவு வந்தால் மூடியின் ஓ ரிங்கைப் பாருங்கள். எலிமெண்ட் பெட்டியிலேயே புது ஓ ரிங் வரும். பலர் அதைப் பெட்டியோடு தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

மறுநாள் காலை தரையில் சொட்டு

உடனே ஸ்பேனரை எடுத்து டிரெயின் போல்ட்டை மேலும் இறுக்காதீர்கள். முதலில் அது உண்மையான கசிவா என்று தெரிய வேண்டும். ஃபில்டரைக் கழற்றும்போது வழிந்த ஆயில் எஞ்சினின் மடிப்புகளிலும் கீழே குறுக்கே போகும் இரும்புச் சட்டத்திலும் தங்கி, இரண்டு மூன்று நாள் வரை மெல்லச் சொட்டும். அடியில் பிளாஸ்டிக் தடுப்பு இருக்கும் கார்களில் இன்னும் குழப்பம். ஆயில் தடுப்பின்மேல் ஓடி, போல்ட்டுக்குச் சம்பந்தமே இல்லாத மூலையில் சொட்டும்.

அடையாளம் காண எளிய வழி உண்டு. திருப்பூர் பனியன் வேஸ்ட் துணி ஒரு கட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆயிலை அதுபோல உறிஞ்சுவது வேறில்லை. போல்ட்டைச் சுற்றியும் ஃபில்டரைச் சுற்றியும் மேலிருந்து கீழாகத் துடையுங்கள். பிரேக் கிளீனர் ஸ்பிரே இருந்தால் குளிர்ந்த எஞ்சினில் அடித்துக் காயவிடுங்கள். பிறகு முகப் பவுடரை மெல்லியதாகத் தூவி, ஐந்து நிமிடம் எஞ்சினை ஓட்டி அணைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். கசிவு இருந்தால் வெள்ளைப் பவுடரில் ஈரமான கோடு விழுந்திருக்கும். கோட்டின் உச்சி எங்கே இருக்கிறதோ அங்கேதான் கசிவு. ஆயில் கீழ்நோக்கித்தான் ஓடும் என்பதால் சொட்டும் இடத்தைவிட நனைந்திருக்கும் உச்சியைத்தான் தேட வேண்டும். கோடே இல்லை என்றால் கசிவு இல்லை, வழிந்தது வடிகிறது, அவ்வளவுதான்.

கோடு டிரெயின் போல்ட்டில் தொடங்கினால் பெரும்பாலும் வாஷர். அலுமினியத்திலோ செம்பிலோ இருக்கும் இந்த வளையம் ஒருமுறை நசுங்கி இடைவெளியை அடைக்கத்தான் செய்யப்பட்டது. பழைய வாஷரைக் கையில் எடுத்துப் பார்த்தால் போல்ட்டின் தலை அழுத்திய தடம் வட்டமாகப் பதிந்திருப்பது தெரியும். அதையே மறுபடி போட்டால் தடம் வேறு கோணத்தில் உட்கார்ந்து ஓரம் வழியாகக் கசியும். புது வாஷரின் விலை ஒரு டீ, வடை செலவுதான். ஃபில்டர் வாங்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.

இறுக்கத்துக்கும் அளவு உண்டு. சிறிய பெட்ரோல் கார்களில் பொதுவாக 35 முதல் 40 நியூட்டன் மீட்டர். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் வாஷர் தொடும்வரை கையால் சுற்றி, சாதாரண நீள ரிங் ஸ்பேனரால் கால் சுற்றிலிருந்து அரைச் சுற்றுக்குள், வாஷர் நசுங்கி எதிர்ப்பு ஏறுவது கைக்குத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள்.

போல்ட் இறுகாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது

மரை போய்விட்டது. சம்ப், அதாவது எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி, அலுமினியத்தில் உள்ள கார்களில் இதுதான் அதிகம் நடக்கும் சேதம். இரும்பு போல்ட் அலுமினிய மரையை வழித்துக்கொண்டு வந்துவிடும். ஒரு சர்வீஸில் அதிகமாக இறுக்கியவர் ஒருவராக இருப்பார், அடுத்ததில் அது கையோடு வருவது வேறொருவருக்கு.

டெஃப்லான் டேப் சுற்றுவது, எம்சீல் அப்புவது இரண்டும் ஆகாத வேலை. டேப்பின் நார் ஆயிலோடு போய் பம்ப்பின் வலையை அடைக்கும். எம்சீல் சூட்டில் விட்டுப்போனால் ஓடும் வண்டியில் மொத்த ஆயிலும் சாலையில். பெரிய அளவு போல்ட்டை வெட்டி வெட்டி ஏற்றுவது தற்காலிகத் தீர்வு. அதற்கடுத்த முறைக்கு அலுமினியம் மிஞ்சாது. நிலையான வழி, சம்ப்பைக் கழற்றி நல்ல லேத் பட்டறையில் இரும்பு மரைக் காயில் போடுவது. அதன்பின் முன்பைவிட உறுதியாகவே இருக்கும். சம்ப் மெல்லிய இரும்புத் தகடாக இருந்தால் புது சம்ப் விலையையும் ஒருமுறை கேட்டுவிடுங்கள்; சில கார்களுக்கு அதுவே மலிவு.

டிப்ஸ்டிக் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் அளவு காட்டுகிறது

சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, குறைந்தது ஐந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். முதலில் உருவித் துடைத்து, முழுக்கச் செருகி, மறுபடி உருவும்போது தெரிவதுதான் கணக்கு. புது ஆயில் நிறமற்றதுபோல் இருப்பதால் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் ஈரத்தின் எல்லை தெரியும். முதல் ஸ்டார்ட்டுக்குப் பிறகு அளவு சற்றே இறங்கும். அது ஃபில்டருக்குள் போன ஆயில். அந்த அளவை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மேல்கோட்டைத் தாண்டிவிட்டதா? கடையில் 3.5 லிட்டர் கேன் வாங்கி முழுவதையும் கவிழ்ப்பதால் வருவது இது. ஸ்விஃப்ட்டின் 1.2 பெட்ரோலுக்கு ஃபில்டரோடு சேர்த்து 3 லிட்டருக்குச் சற்றே மேல்தான் தேவை. அதிக ஆயில் இருந்தால் சுழலும் கிராங்க் அதைக் கடைந்து நுரைக்க வைக்கும். நுரைத்த ஆயிலால் பேரிங்கைத் தாங்க முடியாது. சீல்கள் வழியாகவும் கசியும். கோட்டுக்கு ஒரு மயிரிழை மேலே என்றால் விட்டுவிடலாம். அதற்கு மேல் என்றால் எடுத்தாக வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் பெரிய சிரிஞ்சையும் டிரிப் ட்யூபையும் இணைத்து டிப்ஸ்டிக் குழாய் வழியாக உறிஞ்சுவது, அடியில் படுத்து போல்ட்டைத் தளர்த்துவதைவிடச் சுத்தமான வழி. கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவே பல கார்களில் ஏறக்குறைய 1 லிட்டர் வரும். அதை வைத்து எவ்வளவு எடுப்பது என்று கணக்கிடுங்கள்.

வாரங்கள் போகப்போக அளவு தானாக ஏறுகிறதென்றால் ஆயில் மாற்றியதில் தவறில்லை. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 டீசல் கார்களில் சைலன்சர் பக்கமுள்ள கரி வடிகட்டியை எரித்துச் சுத்தம் செய்யக் கூடுதல் டீசல் செலுத்தப்படுகிறது. ஊருக்குள் குறுகிய தூரமே ஓடும் வண்டியில் அதில் ஒரு பகுதி ஆயிலோடு கலந்துவிடும். மேல்கோட்டைத் தாண்டினால் நாள் பார்க்காமல் ஆயிலை மாற்றுங்கள். இந்த வண்டிகளுக்குச் சாம்பல் குறைவான தனி ரக ஆயில் வேண்டும். பழைய டீசலுக்கு வாங்கியதை ஊற்றினால் அந்த வடிகட்டி சீக்கிரம் அடைத்துவிடும்.

பானட்டிலிருந்து புகை, கருகல் வாடை

ஊற்றும்போதோ ஃபில்டரைக் கழற்றும்போதோ சைலன்சர் குழாயில் விழுந்த ஆயில் கருகுகிறது. சில கிலோமீட்டரில் நின்றுவிடும். நிற்காமல் கூடிக்கொண்டே போனால் ஃபில்டரில் கசிவு இருக்கிறது. மேல் மூடியையும் பாருங்கள். மூடாமல் விட்டாலோ அரைகுறையாகத் திருகினாலோ எஞ்சின் முழுக்க ஆயில் தெளித்திருக்கும், சில கார்களில் ஐட்லிங் தடுமாறி எஞ்சின் விளக்கும் எரியும். பின்பக்கம் சைலன்சரில் நீலப் புகை வந்தால் அளவு அதிகமா என்று டிப்ஸ்டிக்கில் பாருங்கள்.

மாற்றிய அன்றே ஆயில் கறுத்துவிட்டது

டீசல் என்றால் கவலையே வேண்டாம். உள்ளே தங்கிய பழைய ஆயிலும் கரியும் சேர்ந்து ஒரு நாளில் கறுப்பாக்கிவிடும். பெட்ரோலில் சில நூறு கிலோமீட்டரில் நிறம் மாறினால் ஆயில் தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். அழுக்கைப் படியவிடாமல் தன்னோடு சுமக்கத்தான் அதில் வேதிப்பொருள் சேர்க்கிறார்கள். நிறத்தைப் பார்த்து ஆயிலை எடைபோட வேண்டாம்.

போலி ஆயில் பற்றிய பயம் நியாயமானது. அதற்கான தீர்வு ஆயில் வாங்கும் இடத்தில்தான் இருக்கிறது: நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற கடை, உடையாத சீல், பில். காலி கேனை அறுத்துவிட்டுத்தான் வெளியே போடுங்கள், நம் கேனில் வேறொருவர் நிரப்பி விற்கக் கூடாது.

மூடிக்கு அடியில் பால் காபி நிறத்தில் பசை

மூடியில் மட்டும் இருந்து, டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருந்தால் அது நீராவி படிந்தது. ஊட்டி, கொடைக்கானல் குளிரிலும், மழைக்காலத்தில் கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் ஓடும் வண்டியிலும் சகஜம். எஞ்சின் நன்றாகச் சூடாகும்படி ஒரு மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டினால் போகும். டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம், கூலன்ட் டப்பாவில் அளவு இறங்குகிறது என்றால் எஞ்சினின் மேல் பாகத்துக்கும் கீழ் பாகத்துக்கும் நடுவே உள்ள ஹெட் கேஸ்கட் வழியாகக் கூலன்ட் கலக்கிறது. எஞ்சினை இனி ஸ்டார்ட் செய்யாதீர்கள். மெக்கானிக்கிடம் இழுத்துத்தான் போக வேண்டும்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் டகடக சத்தம்

ஓரிரு விநாடி மட்டும் வந்து அடங்கினால் ஃபில்டரைப் பாருங்கள். நல்ல ஃபில்டருக்குள் ஆயில் திரும்பி வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வு ஒன்று உண்டு. மலிவான ஃபில்டரில் அது விறைத்துப்போய், இரவில் ஆயில் முழுக்கக் கீழே இறங்கிவிடும். அங்கீகரிக்கப்பட்ட ஃபில்டராக மாற்றினால் நின்றுவிடும். சத்தம் தொடர்ந்து இருந்தால் அளவையும் கிரேடையும் சரிபாருங்கள். 0டபிள்யூ-20 கேட்கும் எஞ்சினுக்கு "நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டியாக இருக்கட்டும்" என்று 20டபிள்யூ-50 ஊற்றுவது பழைய அம்பாசிடர் காலத்துப் பழக்கம். இன்றைய எஞ்சின்களின் இடைவெளிகள் மிக நுண்ணியவை. வால்வு நேரத்தை மாற்றும் அமைப்பும் ஆயில் அழுத்தத்தை நம்பித்தான் ஓடுகிறது. குளிர்ந்த நிலையில் கெட்டி ஆயில் மேலே ஏறத் தாமதமாகும்.

சர்வீஸ் நினைவூட்டும் ஸ்பேனர் படம் மட்டும் எரிந்தால் அது வெறும் கணக்கு. கையேட்டில் சொன்னபடி மறுபடி பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால் போதும்.

பழைய ஆயில் தட்டில் இருக்கிறது, இனி என்ன?

சாக்கடையில் ஊற்றுவது, கொசுவுக்கென்று தேங்கிய நீரில் விடுவது, கரையானுக்கு மரத்தில் பூசுவது, சொறி பிடித்த தெருநாய்க்குத் தடவுவது, இவை எல்லாமே ஊரில் நடக்கின்றன. எதையும் செய்யாதீர்கள். கிணறும் போர் தண்ணீரும் குடிக்கும் ஊரில் மண்ணில் இறங்கும் இந்த ஆயில் நம் குடத்துக்கே திரும்பி வரும். நாய் அதை நக்கினால் விஷமாகும். இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின் கீழ் பழைய ஆயிலும் வருகிறது. அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பு ஆலைகளுக்குத்தான் அது போக வேண்டும்.

வடிந்ததை, புது ஆயில் வந்த கேனிலேயே புனல் வைத்து ஊற்றி இறுக மூடுங்கள். ஊற்றும்போதே எவ்வளவு வந்தது என்று பாருங்கள். 3 லிட்டர் ஊற்றிய எஞ்சினிலிருந்து 2 லிட்டர்தான் வந்ததென்றால் எஞ்சின் ஆயில் குடிக்கிறது, இனி மாதம் இருமுறை டிப்ஸ்டிக் பாருங்கள். பழைய ஃபில்டரை ஓர் இரவு கவிழ்த்து வைத்து வடியவிட்டு அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கழிவு ஆயிலை முறையாக விற்கும் சர்வீஸ் சென்டரில் கேட்டால் பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள். தண்ணீர், கூலன்ட், பெட்ரோல் எதையும் கலக்காமல் கொடுங்கள். கலந்த ஆயிலை மறுசுத்திகரிப்புக்கு எடுக்க மாட்டார்கள்.